நான் இறக்கிய மேலுதடு

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். படம் எடுப்பதும் உண்டு. ஆனால் என் முக்கியமான வேலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகங்களைச் சரி செய்வது. பத்தாவது வரைதான் படித்தேன். இதைக் கடையில் இருந்தே கற்றுக்கொண்டேன். எனக்கு ஏற்ற வேலைதான். எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. படத்தில் இருக்கிற கண்ணை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அது நம்மை ஒன்றும் கேட்காது.

பெண் பார்க்கிறவர்களுக்கு அனுப்பும் படத்துக்கு எங்கள் கடை பக்கத்துத் தெருக்களில் கொஞ்சம் பேர் வாங்கியது. பெண்ணின் அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "லேசா டச் பண்ணிடுங்க" என்பார். எதை என்று சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். பருவை எடுப்பேன், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பை வெளுப்பேன். சில பெண்களுக்குச் சிரித்தால் மேல் பல்வரிசைக்கு மேலே ஈறு அகலமாகத் தெரியும். அதற்கு மேலுதட்டைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்துவிடுவேன். மவுஸை இரண்டு தடவை தள்ளினால் வேலை முடிந்தது.

"உன் கையில உதடு எறங்குற மாதிரி வெங்காய வெலை எறங்கினா நல்லாருக்கும்யா" என்பார் முதலாளி.

இந்த வேலையில் நான் ஒரு முறையைத் தவறவிட்டதில்லை. எடுத்த படத்தை முதலில் ஒரு தனி ஃபோல்டரில் அப்படியே போட்டுவிடுவேன். அதன் நகலில்தான் கை வைப்பேன். பிறகு யாராவது வந்து, "அய்யோ, இது எங்க பொண்ணு மாதிரியே இல்லீங்களே" என்றால் எடுத்துக் கொடுக்க அசல் இருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான் வாயைத் திறந்து சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

என் மகளுக்கும் சிரித்தால் ஈறு தெரியும். அவள் அம்மாவிடமிருந்து வந்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரிப்பார்கள். முதலில் மூக்கு சுருங்கும், பிறகு மேலுதடு மொத்தமாக மேலே ஏறிவிடும். சின்னச் சின்னப் பல்லும் அதற்கு மேலே ரோஸ் நிறத்தில் ஈறுமாக முகம் முழுக்க வாய் ஆகிவிடும். பெண் பார்க்கப் போன அன்று என் மனைவியை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே யாரோ ஏதோ சொல்ல அவள் சிரித்த சத்தத்தைக் கேட்டுத்தான் தலையைத் தூக்கினேன். கதவு இடுக்கில் அந்த ஈறும் பல்லும் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் சரி என்று சொன்னேன். இதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

மகளுக்கு இருபத்து நான்கு வயதானபோது மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தோம். அவள் ஆழ்வார்பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். தரகர் அம்மா படம் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீலப் புடவை கட்டியிருந்தாள். ஸ்டூலில் உட்கார வைத்து, லைட்டைச் சரி செய்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் போனதும் என் வாய் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டது.

"தோளை நேரா வைங்கம்மா. தாடையை லேசா எறக்குங்க. இங்க பாருங்கம்மா."

"இன்னா நைனா, எனக்கே 'ங்க' போட்டுப் பேசுறே!" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நான் அழுத்தினேன்.

பத்தொன்பது வருடத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது. கண் இரண்டும் சுருங்கி, கழுத்து கொஞ்சம் பின்னால் போய், தன்னை ஒருவன் படம் எடுக்கிறான் என்பதையே மறந்த முகம். அதோடு ஈறும் முழுக்கத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தரகர் அம்மா முகம் ஞாபகம் வந்தது. முன்பு எங்கள் தெருவில் ஒருத்தி என் மனைவியை, "ஈறு காட்டிக்கினு போறா பாரு" என்று சொன்னது ஞாபகம் வந்தது. கை தானாகப் போனது. உதட்டை இறக்கினேன். அன்று நகல் எடுக்கவில்லை. மறந்துபோய் அல்ல. அசல் கம்ப்யூட்டரில் இருந்தால் என்றைக்காவது மகள் பார்ப்பாள், நான் மாற்றினேன் என்று தெரிந்துவிடும் என்று தோன்றியது. அசலின் மேலேயே சேமித்துவிட்டேன். மறுநாள் ஒரு காதுகுத்து விழாவுக்காகக் கேமராவின் கார்டில் இருந்ததையும் அழித்தார்கள். நான் சும்மா இருந்தேன்.

படம் தரகர் அம்மாவின் போனிலிருந்து கொட்டிவாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனது. அவர்களுக்குப் பிடித்து, பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை கலகலப்பான ஆள். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே ஏதோ கிண்டல் செய்தார். என் மகள் எப்போதும்போலச் சிரித்தாள். அத்தை பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

"போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்று சொல்லி, போனை எடுத்துப் படத்தைத் தேடிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவளிடமும் காட்டினார். "இதுல ஈறு தெரியல பாரு."

"எங்க, குடுங்க பாக்கலாம்" என்று என் மகள் போனை வாங்கினாள். அதுவரை அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கவில்லை. பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தட்டில் இருந்த சட்னியைப் பார்த்தேன்.

அந்தச் சம்பந்தம் வேறு ஏதோ காரணத்தில் நின்றுபோனது. மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை என்றார்கள். அதற்காக நாங்கள் யாரும் வருத்தப்படவில்லை. ஆனால் அன்றிலிருந்து மகள் சிரிக்கும்போது கை வாய்க்குப் போனது. சில நாளில் கையும் போகவில்லை. உதட்டை மூடியே சிரிக்கப் பழகிவிட்டாள். நாள் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கு நடுவில் நிற்கிற வேலை. பழகுவதற்கு இடமா இல்லை?

ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்து, "அடையாறுல ஒரு பல் டாக்டர் கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். நீ வா" என்றாள்.

"அம்மாவ கூட்டிக்கினு போயேன்."

"அம்மா வேணாம். அதே சிரிப்ப வெச்சிருக்குறவங்க கிட்ட இத மாத்தணும்னு எப்படிச் சொல்றது? நீதான வரணும் நைனா."

டாக்டர் சின்ன வயதுப் பெண். மகளைச் சாய்நாற்காலியில் உட்கார வைத்து, மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளந்தார். சிரிக்கச் சொன்னார், பேசச் சொன்னார், உதட்டைத் தளர விடச் சொன்னார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் மேஜைக்கு முன்னால் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"இது வியாதி இல்ல. செய்யாம விட்டாலும் ஒண்ணும் ஆகாது. அத முதல்ல மனசுல வெச்சுக்கங்க. ஈறு தெரியறதுக்குக் காரணம் ஒண்ணு மேல்தாடை எலும்பு நீளமா இருக்கலாம். அதுன்னா பெரிய ஆபரேஷன். உங்களுக்கு அது இல்ல, அந்தப் பேச்சே வேணாம். ரெண்டாவது, ஈறு பல்லு மேல கொஞ்சம் அதிகமா மூடியிருக்கலாம். அப்படின்னா மரத்துப்போற ஊசி போட்டுட்டு, லேசர்ல ஓரத்தை மட்டும் எடுத்துடலாம். உக்காந்த இடத்துலயே முடிஞ்சுடும். சில பேருக்கு உள்ள எலும்பையும் கொஞ்சம் சீவணும், இல்லன்னா ஈறு திரும்ப வளரும். உங்களுக்கு முன்னாடி ரெண்டு மூணு பல்லுல அது கொஞ்சம் இருக்கு. ஆனா முக்கியமான காரணம் உதடு. சிரிக்கறப்ப ரொம்ப மேல ஏறுது."

"அதுக்கு?" என்றாள் மகள்.

"மூக்கோரத்துல ரெண்டு பக்கமும் ஊசி போட்டா அந்தத் தசை கொஞ்சம் அடங்கும். மூணு நாலு மாசத்துல தானா விட்டுடும், திரும்பப் போடணும். இல்லன்னா உதட்டுக்கு உள்பக்கம் ஒரு பட்டையா எடுத்துட்டுத் தையல் போட்டா உதடு அவ்ளோ மேல போகாது. சில பேருக்கு அதுவும் கொஞ்ச நாள்ல தளர்ந்துடும். சில பேருக்குக் கம்பி கட்டி, சின்ன ஸ்க்ரூ வெச்சுப் பல்ல மேல தள்ளுவோம். உங்களுக்கு அது தேவைப்படாது."

மகள் போனை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தாள். நான் இறக்கிய உதடு.

"எனக்கு இந்த மாதிரி வேணும்."

டாக்டர் படத்தை விரலால் பெரிதாக்கினார். சிரித்துவிட்டார். "இது யாரு பண்ணது? கன்னம் இவ்ளோ மேல போயிருக்கு, உதடு மட்டும் கீழ நிக்குது. இப்படி ஒரு மனுஷனால சிரிக்கவே முடியாது. எந்த ட்ரீட்மென்ட்லயும் இது வராதுங்க."

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் பல் மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்டூடியோல பண்ணாங்க டாக்டர்" என்றாள் மகள். என் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். "நீங்க நெஜமாவே சிரிக்கற ஒரு படம் வேணும். இங்க நாற்காலியில உக்காந்தா எல்லாரும் அடக்கித்தான் சிரிப்பாங்க. உதடு எதுவரைக்கும் போகுதுன்னு தெரிஞ்சாத்தான் எது பொருந்தும்னு சொல்ல முடியும். இதோட அசல் இருந்தா அதுவே போதும். அப்படியே சிரிச்ச முகம்தான் தெரியுது."

பஸ்ஸில் வரும்போது மகள், "நைனா, அசல் எடுத்துக் குடு" என்றாள்.

"தேடிப் பாக்குறேம்மா."

நாலு நாள் அதையே சொன்னேன். கம்ப்யூட்டர் பழசு, நிறைய படம் இருக்கிறது, நாளைக்குப் பார்க்கிறேன். ஐந்தாம் நாள் மதியம் அவளே கடைக்கு வந்துவிட்டாள். நான் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். முதலாளி அவளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அசலா? அதுக்கா இவ்ளோ தூரம் வந்தே! ஒங்கப்பன் அசலத் தொடவே மாட்டான்மா. செத்தவன் படம்கூட இவன் கிட்ட பத்திரமா இருக்கும். ந்தா பாரு." அவரே ஃபோல்டரைத் திறந்தார். தேதி பார்த்துக் கீழே போனார். மேலே வந்தார். "இன்னாய்யா, இந்தப் புள்ளைது மட்டும் இல்ல?"

"மேலயே சேவ் பண்ணிட்டேன்" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் கிண்டல் இல்லை. தராசில் கள்ள எடை வைத்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். டீ சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார்.

"ஏன் நைனா?"

"நீ பாத்துடக் கூடாதுன்னு."

"எத? என் மூஞ்சியவா?"

மூடின சாப்பாட்டு டப்பாவைத் திரும்பத் திறந்து மூடினேன்.

அவள் பையை மேஜை மேல் வைத்தாள். "சரி, இன்னொண்ணு எடு. டாக்டருக்குக் குடுக்கணும்." ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். நான் லைட்டைப் போட்டேன். கேமராவுக்குப் பின்னால் நின்று, முன்பு சொன்ன அதே வார்த்தையைச் சொன்னேன். தோளை நேரா வைங்கம்மா. தாடையை லேசா எறக்குங்க. இந்த முறை வேண்டுமென்றே சொன்னேன், அவளுக்கும் அது தெரிந்தது. உதட்டை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு என்மேல் பாவப்பட்டு வாயைத் திறந்தாள். பல் தெரிந்தது, உதட்டை மட்டும் இழுத்துப் பிடித்திருந்தாள். பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். ஒன்றிலும் அவள் சிரிக்கவில்லை.

"போதும் நைனா. கடைக்கு நேரமாச்சு."

அன்று சாயங்காலம் விஷயம் என் மனைவிக்குத் தெரிந்தது. மகள்தான் சொல்லியிருக்க வேண்டும். மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவ சிரிப்பு என் சிரிப்புதானய்யா. இருபத்தாறு வருசமா பாத்துக்கினுதான இருக்கே. புடிக்கலன்னா ஒரு நாளு சொல்லியிருக்கலாமே."

"அப்படி இல்லமே."

"பின்ன எப்படி?"

கதவு இடுக்கில் பார்த்ததைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. அவள் என் சட்டையை மடித்து மற்றதன் மேல் வைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

மகள் ஊசி போட்டுக்கொண்டாள். லேசரில் ஈறை எடுத்தால் எடுத்ததுதான், ஊசி என்றால் பிடிக்காவிட்டால் போய்விடும், முதலில் அதைப் போட்டுப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னாராம். பத்து நாளில் பலன் தெரிந்தது. ஈறு முழுக்க மறையவில்லை, ஒரு கோடு போலத் தெரிந்தது. அவள் கடையில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது. டாக்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தார். தி. நகருக்குத் துணி எடுக்கப் போனபோது மகள் தயங்காமல் கடைக்காரப் பெண்ணிடம் பல் தெரியச் சிரித்துப் பேசினாள். அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் வீட்டில் அவள் அம்மா ஏதாவது சொல்லிச் சிரிக்கும்போது மகளின் கண் சுருங்கும், மூக்கு சுருங்கும், உதடு மட்டும் பாதி வழியில் நின்றுவிடும். நான் படத்தில் செய்தது மாதிரியே. எத்தனையோ பெண்களுக்கு அப்படிச் செய்திருக்கிறேன். அந்த உதடு நகர்ந்து, பேசி, சாப்பிட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

நாலு மாதத்தில் ஊசி விட்டது. ஈறு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தெரிய ஆரம்பித்தது. திரும்பப் போட நாள் குறித்திருந்ததை மகள் போன் செய்து வேண்டாம் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளே ஒருநாள் அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "நீ சிரிக்கிறப்ப நீ மட்டும் தனியா சிரிக்கிற மாதிரி இருந்துச்சும்மா."

ஊசி விட்ட பிறகும் என் முன்னால் அவள் உதட்டை மூடியே வைத்திருந்தாள். கோபம் எல்லாம் இல்லை. சாப்பாடு போடுவாள், போனில் எனக்குத் தெரியாததைக் காட்டிக் கொடுப்பாள். நான் அறைக்குள் வந்தால் சிரிப்பை முடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். அது அவளுக்கே தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

கடையில் இப்போது ஒன்று செய்கிறேன். அம்மாக்கள் பின்னால் நின்று டச் பண்ணச் சொன்னால், "பொண்ணு சொல்லட்டுங்க" என்கிறேன். பத்தொன்பது வருடத்தில் வாடிக்கையாளரிடம் நான் பேசிய அதிகமான பேச்சு அது. சில பெண்கள் செய்யுங்கள் என்கிறார்கள், செய்கிறேன். ஒருத்தி திரையில் தன் படத்தைப் பார்த்து, "அப்படியே இருக்கட்டும் அங்கிள், மவனே, மாப்ள வந்து பாத்து மெர்சலாவட்டும்" என்றாள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நொச்சிக்குப்பத்திலிருந்து என் மனைவி சங்கரா மீன் வாங்கி வந்திருந்தாள். அடுப்படித் தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்து சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மீன் விற்ற அம்மாவோடு நடந்த பேரத்தை மனைவி அந்த அம்மாவைப் போலவே இடுப்பில் கை வைத்து நடித்துக் காட்டினாள். "தோ பாரு, மீனு மொறைக்குதுன்றியே, நீ இன்னா அதுக்கு மாமியாரா?" மகள் சிரிக்க ஆரம்பித்த சத்தம் கேட்டு எழுந்து போனேன். கையில் போன் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. வாசற்படியில் நின்று பார்த்தேன். இரண்டு ஈறு, இரண்டு வரிசைச் சின்னப் பல்லு. போனோடு கையைத் தூக்கிவிட்டேன்.

மகள் பார்த்துவிட்டாள். உதடு மூடியது.

"எடுக்கலம்மா" என்றேன். "எடுக்கல."

போனைச் சட்டைப் பையில் போட்டேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்ப எடுத்து அலமாரி மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, வெறுங்கையோடு அங்கேயே கீழே உட்கார்ந்தேன். மனைவி என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"விட்ட எடத்துலேர்ந்து சொல்லு" என்றேன் அவளிடம். "மீனு மொறைச்சுது. அப்பறம்?"

அவள் சொன்னாள். மகள் முதலில் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பு வந்தபோது செதில் ஒட்டிய கையால் வாயை மூட முடியவில்லை.